கொழுந்துக்குப் பெண் கைதானா?

நம்பிக்கை: கொழுந்து பறிக்கப் பெண் விரல்தான் வாகு.

கண்டிக்கு அப்பால் ஹேவாஹெட்ட பக்கத்து மலைகளில் இதை ஒரு சட்டம் மாதிரிச் சொல்வார்கள். அங்கேதான், லூல்கந்துர தோட்டத்தில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். அதற்கு முன் இந்த மலைகளில் கோப்பிதான். கோப்பி பருவத்து வேலை. தமிழ்நாட்டிலிருந்து பெரும்பாலும் ஆண்களே வந்து, பழம் பறித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அந்த விரல்களை யாரும் முரடு என்று ஒதுக்கவில்லை. இலைநோய் கோப்பியை அழித்த பிறகு பரவிய தேயிலையோ வருஷம் முழுக்கத் துளிர்ப்பது. அதற்கு நிரந்தர ஆள் வேண்டியிருந்தது. குடும்பம் குடும்பமாக லயம் எனும் வரிசை வீடுகளில் குடியேற்றினார்கள். பெண்ணுக்குக் கூலியும் குறைவு. தோட்டத்துத் துரைமாருக்கு வாகாக இருந்தது அதுதான். கென்யாவின் கெரிச்சோவில் ஆண்களும் ஏராளமாகக் கொழுந்து பறிக்கிறார்கள்; தேநீர் கசந்துவிடவில்லை.

நம்பிக்கை: பெண் புகுந்த வீட்டுக்குப் போவதே மரபு.

யாருடைய மரபு? கண்டியச் சிங்களவருக்கான 1952ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் ‘தீக’, ‘பின்ன’ என இரண்டு வகையை ஏற்கிறது. பின்ன முறையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீட்டோடு மாப்பிள்ளை என்று நாம் கேலி பண்ணுவது பக்கத்து வீட்டில் பதிவுத் திருமணம்.

நம்பிக்கை: வீட்டைத் தாங்குவது ஆண் சம்பளம், பெண்ணுடையது கைச்செலவுக்கு.

இதைச் சட்டமே சொல்லிக்கொடுத்தது. தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளருக்கான 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று எனக் கூலி மூன்று விதம். அந்தக் குறைந்த கூலியையும் கணவனோ தகப்பனோ போய் வாங்கிவரும் வழக்கம் இருந்தது. ஆண், பெண் நாட்கூலி சமமானது 1984இல், அதுவும் வேலைநிறுத்தம் செய்த பிறகு. அதற்குள் இலங்கை உலகின் முதல் பெண் பிரதமரை இரண்டு தடவை ஆட்சியில் பார்த்துவிட்டது.

கூலி சமமானாலும் நாள் சமமாகவில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆணுக்குப் பல தோட்டங்களில் கணக்கு வேலை. முடித்தால் மத்தியானமே வீடு. கொழுந்து எடுப்பவள் சாயங்காலம் நிறுவை முடியும்வரை மலையில் நிற்க வேண்டும். அப்புறம் பிள்ளைக்காம்பராவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தால் தண்ணீர், விறகு, ராச்சோறு, விடியுமுன் மறுபடி அடுப்பு. அந்த வேலைக்கு எந்தச் செக்ரோல் பதிவேட்டிலும் அரைநாளுக்கான அரைப்பேர்கூடப் போடுவதில்லை.