அமினோ அமில டப்பா வாங்கும் முன்...

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஜிம்முக்குப் போகும் தம்பி, தங்கைகள் கவனத்துக்கு:

● நம் உடல் புரதம் கட்டப் பயன்படுத்தும் அமினோ அமிலங்கள் 20. இவற்றில் 9 சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும். ‘பிசிஏஏ’ என்று விற்கும் அமினோ அமில டப்பாவில் முக்கியமாக இருப்பவை லியூசின், ஐசோலியூசின், வாலின் ஆகிய மூன்றுதான். தசை வளர மீதி ஆறும் வேண்டும்.

● அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. இட்லி, பொங்கல், சாம்பார் சாதத்தில் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும்.

● ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி கிலோ எடைக்குத் தினமும் 0.83 கிராம் புரதம். 60 கிலோ எடை என்றால் சுமார் 50 கிராம். ஒரு முட்டையிலும், 200 மி.லி. பாலிலும் தலா 6 கிராம் போலக் கிடைக்கும். கடும் பயிற்சி செய்வோருக்குக் கூடுதலாகத் தேவை.

● 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் பால் புரதம் உண்டு, சர்க்கரையும் அதிகம். ருசிக்குச் சாப்பிடுங்கள், புரதக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

● டப்பா வாங்கியே ஆக வேண்டுமா? 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணையும் காலாவதி தேதியையும் பாருங்கள்.

● சிறுநீரகம், கல்லீரல் பிரச்னை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இந்த டப்பாவைத் தொடவே கூடாது.