சாமை வைக்கோலில் தக்காளி

கேள்வி: புதூர்நாட்டில் எங்கள் நிலம் பாறை. சாமை வைக்கோலைக் கட்டாகக் கட்டி, அதிலேயே தக்காளி நடலாமா?

பதில்: நடலாம், உடனே அல்ல. வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து சொற்பம். அப்படியே நட்டால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்கு வேண்டிய தழைச்சத்தைத் தின்றுவிடும், இலை மஞ்சளிக்கும். எனவே கட்டை மூன்று நாள் நன்றாக நனைத்து, பிறகு ஒரு வாரம் நீர் கலந்த கோமியமோ கடலைப் புண்ணாக்குக் கரைசலோ ஊற்றி வாருங்கள். உள்ளே 50 டிகிரியையும் தாண்டிச் சுடலாம். சூடு தணியும்வரை நாற்று வேண்டாம். மாட்டுத் தீவனத்தை மட்கவிடுவதா என்று வீட்டில் கேட்பார்கள். நியாயந்தான், மழையில் நனைந்து, மாடு முகம் திருப்பிய வைக்கோலை மட்டும் எடுங்கள். தண்ணீர்தான் பெரிய சிக்கல்: கட்டு மண்ணைவிட வேகமாகக் காயும், கோடையில் தினமும் நீர் கேட்கும். மழைக்காலத்தையொட்டித் தொடங்குங்கள்.