கண்ணாடித் தொட்டியும் ஊர்க் குளமும்

1909-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. இந்நாட்டில் பொதுமக்களுக்கென அமைந்த முதற் காட்சிசாலை அதுவே. அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவான அது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்குக் கடல் வெகு தொலைவு. ஆயினும், ஊர்ப் பள்ளியில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தால் நாம் கற்பது சிறிதன்று. குளத்து நீர் கலங்கலானது. உள்ளே நடப்பது நமக்குத் தெரியாது. தொட்டியிலோ, மீன் செவுள்களை அசைத்து நீரில் கரைந்த பிராணவாயுவைப் பெறுவதைக் கண்ணாரக் காணலாம். மீன்கள் மிகுந்தாலும், தின்றது போக எஞ்சிய தீனி அழுகினாலும், அவை நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளக்கும்.

விடியற்காலையில் குளத்து மீன்கள் வாய் பிளப்பதும் பெரும்பாலும் இதனாலேயே. பாசி பகலில் பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் அதுவும் அவ்வாயுவையே உட்கொள்கிறது. ஆகவே விடியும் வேளையில்தான் குறை மிகுதி. நோயென்றெண்ணி உடனே மருந்து தேடுவது வீண் செலவு. எருவையும் தீனியையும் நிறுத்தி, கிணற்று நீரை உயரத்திலிருந்து சிதறி விழுமாறு பாய்ச்சுதல் வேண்டும்.

தொட்டியில் வளர்த்துச் சலித்த அயல்நாட்டு மீன்களைக் குளத்தில் விடலாகாது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன் ஓயாது பெருகி, பல நீர்நிலைகளில் நம் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம் ஓடையிற் பிடித்த கெண்டையையும் அயிரையையுமே தொட்டியில் வளர்த்தால் இக்கவலை இல்லை; வேண்டாதபோது அவ்வோடையிலேயே விட்டுவிடலாம்.