நிலம் வாங்குமுன் மண்ணையும் நீரையும் சோதித்தல்

கிராமத்தில் நிலம் வாங்குவோர் பத்திரங்களைப் பார்ப்பதில் பெரும்பாலும் குறை வைப்பதில்லை. பட்டா யார் பெயரில் உள்ளது, வாரிசுகள் எத்தனை பேர், வண்டிப் பாதை உண்டா என்பனவற்றையெல்லாம் விசாரித்து, வில்லங்கச் சான்றும் பெற்ற பின்னரே முன்பணம் கொடுக்கின்றனர். ஆயினும், எந்தச் சான்றிலும் எழுதப்படாத வில்லங்கம் ஒன்று உண்டு. மண்ணிலும் கிணற்று நீரிலும் தங்கிவிட்ட இரசாயனக் கழிவே அது. பதிவு அலுவலகம் அதனைச் சொல்லாது. வாங்குபவரே கண்டறிதல் வேண்டும். பள்ளிக்கோ, குடிநீர்க் கிணற்றுக்கோ, வீட்டு மனைகளுக்கோ பஞ்சாயத்து நிலம் தேடுங்கால் இப்பொறுப்பு இன்னும் பெரிதாகின்றது.

நம் மாநிலம் கண்ட அனுபவம்

தோல் பதனிடும் தொழிலில் உப்பும் குரோமியமும் மிகுதியாகப் பயன்படுகின்றன. அக்கழிவு நீர் பாலாற்றுப் பகுதியில் நிலத்தில் இறங்கியதன் விளைவை, 28-8-1996 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு விரிவாகக் கூறுகின்றது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஏற்றதன்றிப் போயிற்று என்றும், திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பஞ்சாயத்து யூனியன்களின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டன என்றும் அதில் எடுத்துக்காட்டப்பட்டது. மாசு செய்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்று நீதிமன்றம் விதித்தது. எனினும், வேலூர்ப் பகுதி குறித்து 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் மீண்டும் ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. நிலம் கெட்ட பின் நியாயம் கிடைக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆகவே, வாங்குமுன் செய்யும் விசாரணையே சிறந்த பாதுகாப்பாகும்.

1. நிலத்தின் வரலாற்றைக் கேட்டல்

இதற்குச் செலவு இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலைப் பாருங்கள். ஒவ்வொரு பசலியிலும் என்ன பயிர் இடப்பட்டது என்பது அதில் பதிவாகியிருக்கும். நெல்லும் கரும்பும் விளைந்த புலம் திடீரெனப் பல ஆண்டுகள் தரிசாகக் கிடந்திருப்பின், காரணத்தைக் கேட்டே ஆக வேண்டும். தண்ணீர்ப் பஞ்சமாக இருக்கலாம். தண்ணீரின் கெடுதலாகவும் இருக்கலாம்.

அடுத்து, முதியோரையும் அந்நிலத்தில் கூலி வேலை செய்தவர்களையும் விசாரியுங்கள். அங்கே தோல் கிடங்கு, சாயப் பட்டறை, பழைய பேட்டரி உருக்கும் கொட்டகை, பெட்ரோல் பங்க், பூச்சி மருந்துக் கிடங்கு இவற்றுள் ஏதேனும் இருந்ததா? செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம் குப்பையால் நிரப்பப்பட்டு, மேலே நல்ல மண் பரப்பப்பட்டதா? ‘சமன் செய்த நிலம்’ என்று விற்பவர் கூறினால், எதனைக் கொண்டு சமன் செய்தார் என்று கேளுங்கள்.

2. நேரில் பார்த்தல்

அந்த நிலத்தோடு நின்றுவிடாமல், அதற்கு மேட்டுப் பக்கம் உள்ள நிலங்களையும் நடந்து பாருங்கள். வாய்க்கால் நீரும் பெரும்பாலும் நிலத்தடி நீரும் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கியே செல்லும். வெண்ணிற உப்புப் படிவு, மஞ்சள் அல்லது பச்சை நிறக் கசிவு, இரசாயன நெடி, கருகிய தென்னை ஓலை, மாடுகள் குடிக்க மறுக்கும் நீர் ஆகியவை ஐயத்துக்கு இடமானவை. இவை எச்சரிக்கையே அன்றி முடிவான சான்று ஆகா. நிறமும் நாற்றமும் இல்லாத நீரிலும் நஞ்சு இருக்கக்கூடும்.

3. சோதனை

கிணறு, ஆழ்துளைக் கிணறு இரண்டும் இருப்பின் இரண்டிலும் தனித்தனியே நீர் எடுக்க வேண்டும். பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்ட பின்பு மாதிரி எடுத்தல் நலம். மழைக்காலத்தில் நீர் கலந்து குறை மறையக்கூடுமாதலால், கோடையில் ஒரு முறை சோதிப்பது உத்தமம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் இச்சோதனையைச் செய்துகொள்ளலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி, குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும். வேறு நீர் கிடைக்காவிடில் 2,000 வரை ஏற்கலாம். குரோமியமோ 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது.

இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உரப் பரிந்துரைக்காகச் செய்யப்படும் வழக்கமான மண் பரிசோதனை கார அமில நிலை, உப்பின் அளவு, தழை, மணி, சாம்பல் சத்துகள் ஆகியவற்றைக் காட்டும். குரோமியம், ஈயம், பாதரசம் ஆகியவற்றைக் காட்டாது. ‘மண் பரிசோதனை செய்தாயிற்று’ என்று ஒருவர் அட்டையைக் காட்டினால் அதனை நம்பி ஏமாறலாகாது. நிலத்தின் வரலாற்றில் எத்தொழில் இருந்ததோ, அதற்குரிய பொருளைப் பெயர் சொல்லிச் சோதிக்கக் கேட்க வேண்டும். மேல் மண்ணையும் ஆழ மண்ணையும் தனித்தனிப் பைகளில் எடுத்தல் அவசியம். உப்பினால் கெட்ட நிலத்தை, வடிகாலும் நல்ல நீரும் இருப்பின், ஓரளவு திருத்தலாம். உலோக நஞ்சு அவ்வாறு எளிதில் நீங்குவதில்லை; விலை மலிவு என்று அதனை வாங்குதல் கூடாது.

4. உடன்படிக்கையில் எழுதுதல்

சோதனை முடிவு வரும் முன் கிரயம் முடிக்க வேண்டாம். முன்பணம் கொடுக்க நேரின், முடிவு பாதகமாயின் அது திருப்பித் தரப்படும் என்று உடன்படிக்கையில் எழுதிக் கொள்ளுங்கள். வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டறிய இயலாத முக்கியக் குறை தமக்குத் தெரிந்திருப்பின், அதனை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் கூறுகின்றது. ஆகையால் கேள்விகளை எழுத்து மூலமே கேட்டு, பதிலையும் எழுத்து மூலமே பெறுக.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கென மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டுள்ளது. ஐயத்துக்குரிய இடங்களைக் கண்டு அறிக்கை தரும் கடமை அவ்விதிகளால் மாவட்ட நிர்வாகத்துக்கு ஏற்பட்டுள்ளது. எந்தப் புலத்தில் கழிவு கொட்டப்பட்டது, எந்தக் கிணறு எந்த ஆண்டு கெட்டது என்பதை ஊரார் அறிவது போல் வேறு யாரும் அறியார். அவ்விவரங்களைச் சர்வே எண்ணோடு குறித்து, கிராம சபையில் படித்து, மாவட்ட ஆட்சியருக்கும் மாசு கட்டுப்பாடு வாரியத்துக்கும் அனுப்புதல் பஞ்சாயத்துகளின் கடமை. அதன் நகல் ஒன்று பஞ்சாயத்து அலுவலகத்தில் இருப்பின், நாளை நிலம் வாங்க வரும் ஏழை விவசாயி தம் சேமிப்பை இழக்காமல் காத்துக்கொள்ள அது உதவும்.