லாரிக்கும் நிழல் காற்று வேண்டும்

(அறிவியல் பகுதி)



நாம் மூக்கு வழியாக மூச்சு விடுகிறோம். லாரிக்கு மூக்கு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்! நம் பள்ளி வழியாக நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு போகும் லாரிகளை இனிமேல் கவனியுங்கள். பல லாரிகளில் டிரைவர் கேபினுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குழாய் உயரமாக நிமிர்ந்து நிற்கும். அது புகை போகும் குழாய் என்றுதான் நான் ஐந்தாம் வகுப்பு வரை நினைத்தேன். இல்லை. அது காற்றை உள்ளே இழுக்கும் குழாய். அதுதான் லாரியின் மூக்கு.

அந்த மூக்கு ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதைக் கீழே இறக்கினால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் வந்த ஒரு கஷ்டத்தில் படித்தேன்.

எங்கள் அப்பா லாரி டிரைவர். பனியன் பெட்டிகளைத் தூத்துக்குடி துறைமுகத்துக்கு ஏற்றிப் போவார். போன கோடையில் வண்டியின் மைலேஜ் குறைந்தது. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடிய வண்டி நாலரைதான் ஓடியது. கேட்க சின்ன வித்தியாசம். ஆனால் போக வர 600 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 120 லிட்டர் போதுமான இடத்தில் 133 லிட்டர் ஆகிறது. அந்த 13 லிட்டர் எங்கே போச்சு? வண்டிக்காரர் அப்பாவைப் பார்த்து, "வழியில வித்துட்டயா?" என்று கேட்டுவிட்டார். படியிலும் பணம் பிடித்துக்கொண்டார். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "பதினெட்டு வருசம் ஓட்டியிருக்கேன், ஒரு சொட்டு தொட்டதில்ல" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

எங்கள் மாமா லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வண்டியை அங்கே கொண்டுபோனோம். நானும் போனேன். அங்கே தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்ஜினுக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

டீசல் மட்டும் இருந்தால் எரியாது. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றின் கனஅளவில் 21 சதவீதம்தான் ஆக்சிஜன். அதனால் நிறையக் காற்று தேவை. 1 கிலோ டீசல் முழுதாக எரியக் குறைந்தது 14.5 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் டீசலுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 12 கிலோ காற்று. இது 10,000 லிட்டருக்கும் மேல்! நம் ஊர் தண்ணீர் லாரி ஒன்று நிறையக் காற்றைக் குடித்தால்தான் ஒரு லிட்டர் டீசல் எரியும்.

சூடான காற்று ஏன் கூடாது?

பஞ்சை வைத்துச் சொல்கிறேன், நமக்குச் சுலபமாகப் புரியும். அழுத்திக் கட்டிய ஒரு பேல் பஞ்சு 170 கிலோ. அதையே பிரித்து உதறிப் போட்டால் அறையே அடைத்துவிடும். பஞ்சு அதேதான், இடம்தான் கூடுகிறது. காற்றும் இப்படித்தான். குளிர்ந்தால் நெருங்கி இருக்கும், சூடானால் விலகிப் போகும். இன்ஜின் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு இடத்தில்தான் காற்றை நிரப்புகிறது. அந்தக் காற்று சூடாக இருந்தால் எடை குறையும், ஆக்சிஜனும் குறையும். பத்தாம் வகுப்பில் வரும் சார்லஸ் விதி இதுதான் என்று அறிவியல் ஆசிரியை சொன்னார்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. டீசல் இன்ஜினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. 1897-ல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய இன்ஜினிலேயே காற்றை அமுக்கி, அந்தச் சூட்டில்தான் எண்ணெயை எரித்தார். அப்படியென்றால் சூடான காற்று நல்லதுதானே? மாமாவிடம் கேட்டேன். "உள்ள போய் அமுக்குனா அதுவே 500 டிகிரிக்கு மேல சூடாயிக்கும் கண்ணு. சூட்டை இன்ஜின் பாத்துக்கும். நாம காத்தைத்தான் நெறையக் குடுக்கோணும்" என்றார்.

இப்போதைய லாரிகளில் டர்போ என்று ஒரு காற்றாடி இருக்கிறது. 1905-ல் சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூச்சி இதற்குக் காப்புரிமை பெற்றார். வெளியே போகும் புகையின் வேகத்தில் சுற்றி, உள்ளே வரும் காற்றை அமுக்கி அனுப்பும். ஜின்னிங் ஃபேக்டரியில் பேல் அமுக்கும் பிரஸ் மாதிரி. ஆனால் அமுக்கும்போது காற்று 150 டிகிரி வரைகூட சூடாகிவிடும். அதனால் முன்னால் ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கும் இன்டர்கூலர் வழியாகப் போய்க் குளிர்ந்து வருகிறது. உள்ளே போகும்போதே சூடாக இருந்தால் அது இன்னும் அதிகச் சூட்டில் வரும், இன்டர்கூலருக்கு வேலை கூடும். அதிலும் நம் ஊர் வண்டிகளில் மில் வாசலிலும் நிட்டிங் கம்பெனி வாசலிலும் நின்று நின்று இன்டர்கூலர் இடுக்கெல்லாம் பஞ்சு அப்பிக்கொள்கிறது.

பட்டறையில் கண்டது

மாமா கேபினைச் சாய்த்துப் பார்த்தார். மூக்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ரப்பர் குழாய் எப்போதோ கிழிந்திருக்கிறது. வழியில் ஒரு கடையில் அதை எடுத்துவிட்டு, ஒரு தகரக் குழாயைப் போட்டிருக்கிறார்கள். அது மேலே மூக்கு வரைக்கும் போகவில்லை. இன்ஜின் பக்கத்திலேயே வாயைத் திறந்து வைத்திருந்தது. வண்டி குடித்தது வெளிக்காற்று இல்லை, இன்ஜின் சூட்டுக்காற்று. கீழே இருக்கும் தூசியும் பஞ்சும் சேர்ந்து போய் ஃபில்டர் மெத்தை மாதிரி ஆகியிருந்தது.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. ஃபில்டரைத் தாண்டியதும் குழாயில் ஒரு சென்சார் இருக்கும். உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையை அளந்து இன்ஜினின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அந்தச் சென்சாரின் பூட்டு உடைந்ததால் ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு, சென்சாரை வெளியே எடுத்து அந்தத் தகரக் குழாய் மேலேயே கம்பியால் கட்டியிருந்தார்கள்!

மாமா வண்டியை ஓடவிட்டு மூன்று இடத்தில் அளந்தார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வெளியே நிழலில்: 36 டிகிரி
குழாய்க்குள் ஓடும் காற்று: 54 டிகிரி
சென்சார் சொன்னது: 68 டிகிரி

அதாவது 36-க்கும் 54-க்கும் நடுவே உள்ள 18 டிகிரி உண்மையான சூடு. 54-க்கும் 68-க்கும் நடுவே உள்ள 14 டிகிரி சென்சார் சொன்ன பொய். பொய் சொன்னது சென்சாரின் குற்றம் இல்லை. அது தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது, தகரத்தின் சூட்டைச் சொன்னது. வைத்த இடம்தான் தப்பு.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 273 கூட்டிக் கெல்வினாக மாற்றி வகுக்க வேண்டும். அழுத்தம் மாறாவிட்டால், 36 டிகிரியில் 100 கிராம் காற்று பிடிக்கும் இடத்தில் 54 டிகிரியில் சுமார் 94.5 கிராம்தான் பிடிக்கும். ஆனால் 68 என்று கேட்ட கம்ப்யூட்டர், சுமார் 90.6 கிராம்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டு டீசலை இன்னும் குறைத்துக் கொடுக்கும். வண்டிக்கு இழுவை இருக்காது. மேட்டில் அப்பா கியரைக் குறைத்துக் கத்த விட்டுத்தான் ஏற்ற வேண்டும். அடைத்த ஃபில்டர் வேறு. 13 லிட்டர் போன வழி இதுதான்.

சென்சாருக்குள் என்ன இருக்கிறது?

தெர்மிஸ்டர் என்ற சின்ன மணி. சூடு ஏறினால் அதன் மின்தடை இறங்கும். உலோகக் கம்பிக்கு நேர்மாறு. சில பொருள்களுக்கு இந்தக் குணம் இருப்பதை 1833-லேயே மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்பைடில் பார்த்திருக்கிறார்.

செய்து பாருங்கள்: எலக்ட்ரானிக்ஸ் கடையில் '10 கே தெர்மிஸ்டர்' என்று கேட்டு வாங்கி மல்டிமீட்டரில் மாட்டுங்கள். 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும். விரலால் பிடித்தால் குறையும். சாதாரணமாகக் கிடைக்கும் வகையில் 35 டிகிரிக்குச் சுமார் 6,500, 50 டிகிரிக்குச் சுமார் 3,600 ஓம். அப்புறம் அதை நிழலில் தொங்கவிட்டும், வெயிலில் கிடக்கும் தகரத்தைத் தொடவைத்தும் பாருங்கள். ஒரே நேரம், ஒரே இடம், ஆனால் இரண்டு விடை வரும். வானிலை நிலையத்தில் வெப்பமானியைக் காற்று புகும் வெள்ளைப் பெட்டிக்குள் வைப்பதும் இதனால்தான்.

சரியாக மாட்டுவது எப்படி? (மாமா செய்தது)

1. காற்று எடுக்கும் வாய் இன்ஜின் அறைக்கு வெளியே, உயரத்தில் இருக்க வேண்டும். ரேடியேட்டர் காற்றும் சைலன்சர் புகையும் படக்கூடாது. மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் மூடி வேண்டும்.

2. குழாய் பழைய குழாயைவிடச் சிறுத்திருக்கக் கூடாது. வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டர்போ பக்கமும் புகைக்குழாய் பக்கமும் ஒட்டிப் போகக் கூடாது. தகரத்தைவிட ரப்பரும் பிளாஸ்டிக்கும் சூட்டை மெதுவாகக் கடத்தும்.

3. காற்று நிறைய வரட்டும் என்று ஃபில்டரைக் கழற்றவே கூடாது. ஃபில்டருக்கு அப்புறம் உள்ள இணைப்பில் சின்னச் சந்து இருந்தாலும் தூசி போய் டர்போவையும் சிலிண்டரையும் தின்றுவிடும்.

4. சென்சார் அதனுடைய பழைய இடத்திலேயே, ஃபில்டரைத் தாண்டி உட்கார வேண்டும். நுனி காற்றின் ஓட்டத்துக்குள் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். குழாய்ச் சுவரைத் தொடக் கூடாது. சுற்றி ரப்பர் வளையம் போட்டுக் காற்று கசியாமல் அடைக்க வேண்டும்.

5. சென்சார் ஒயர் சூடான பாகத்தில் உரசாமல் கட்ட வேண்டும்.

சோதிப்பது எப்படி? ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், விடிகாலை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் காற்று சென்சார், ரேடியேட்டர் தண்ணீர், வெளிக்காற்று மூன்றும் ஏறக்குறைய ஒரே டிகிரி காட்ட வேண்டும். வண்டி சூடாகி நிற்கும்போது காற்று சென்சார் ஏறும். ஓட ஆரம்பித்தால் இறங்கும். ஓடியும் இறங்கவில்லை என்றால் மாட்டியது தப்பு.

புது ரப்பர் குழாய், ஃபில்டர், சென்சார் பூட்டு எல்லாம் போட்டு, இன்டர்கூலரில் இருந்த பஞ்சைக் காற்றடித்து எடுத்த பிறகு ஓட்டிப் பார்த்தோம். வெளியே 36, சென்சார் 41.

மாமா பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "மாப்ளே, தகரக் குழாயையும் கையோட எடுத்துட்டுப் போங்க" என்றார். அப்பா இரண்டையும் வண்டிக்காரரிடம் கொடுத்தார். அவர் தகரக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அடுத்த இரண்டு டிரிப்பிலும் மைலேஜ் 5-க்குப் பக்கத்தில் வந்தது. அப்புறம் படியில் பிடிக்கவில்லை. பிடித்ததைத் திருப்பித் தரவுமில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. ஆனால் அப்பா இப்போது வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறார்.

தோழர்களே, அளக்கும் கருவி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. எதை அளக்க வேண்டுமோ அதைத் தொடும் இடத்தில் அது இருக்க வேண்டும். ஆய்வகத்தில் வெப்பமானியைப் பீக்கரின் அடியைத் தொடவைத்து அளவு எடுக்கும்போது ஆசிரியை ஏன் திட்டுகிறார் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. அளவு தப்பினால் பழி ஒரு மனுஷன் மேல் விழும். யாரையும் குற்றம் சொல்வதற்கு முன்னால் சென்சார் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி