சத்தம் போடாத செயின்

கொச்சிக்குப் பக்கத்தில் களமசேரி இருக்கிறது. அது தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். 1960களில் அங்கே எச்.எம்.டி. தொழிற்சாலை வந்தது. லேத் இயந்திரங்களும் அச்சு இயந்திரங்களும் அங்கே தயாராயின. அந்த ஊரில் சிறு பட்டறைகளும் உண்டு.

அப்படி ஒரு பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சுற்றுகிறது. அதன் வேகத்தை ஒரு செயின் இயந்திரத்துக்குக் கொண்டுபோகிறது. ஆனால் செயினின் சத்தம் கேட்கவில்லை.

"அண்ணே, சைக்கிள் செயின்கூடக் கடகடக்கிறது. இது ஏன் சத்தம் போடவில்லை?" என்று கேட்டான் புதிதாகச் சேர்ந்த பையன்.

மேஸ்திரி சுவிட்சை அணைத்தார். சக்கரம் முழுதாக நின்ற பிறகுதான் மூடியைத் திறந்தார். ஓடும் செயினில் விரல் சிக்கினால் விரல் போய்விடும்.

"பார் தம்பி. சைக்கிள் செயினில் சின்னச் சின்ன உருளைகள் இருக்கும். அவை சக்கரத்தின் பல்லிடுக்கில் வந்து மோதும். அந்த மோதல்தான் சத்தம். இதில் உருளை கிடையாது. மெல்லிய தகடுகளை அடுக்கிக் கோத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு பல். இந்தப் பல் சக்கரத்தின் பல்லோடு வழுக்கிக்கொண்டு போய்ச் சேரும். மோதல் குறைவு. அதனால் சத்தமும் குறைவு."

இதற்குச் சைலண்ட் செயின் என்று பெயர். உருளைச் செயினை 1880இல் இங்கிலாந்தில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். சைலண்ட் செயினையும் பிறகு அவரே செய்தார். இன்று பல கார் என்ஜின்களுக்குள் இது ஓடுகிறது. கண்ணாடிப் பாட்டில் ஆலைகளில் சூடான பாட்டில்களைச் சுமந்து செல்வதும் இந்த வகைதான்.

"செயின் இழுபட்டு நீண்டுவிட்டது" என்று சொல்வார்கள். இரும்பு ரப்பர் போல இழுபடுமா? தகடுகளைக் கோக்கும் பின் தேய்கிறது. பின் நுழையும் துளை அகலமாகிறது. ஒரு மூட்டில் 0.1 மில்லிமீட்டர்தான் தேய்ந்தது என்று வையுங்கள். 100 மூட்டுக்கு எவ்வளவு? 10 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் ஆகிவிட்டது!

நீண்ட செயின் பல்லின் மேல்பக்கம் ஏறி உட்காரும். நுனிவரை ஏறினால் ஒரு நாள் பல் தாண்டிக் குதிக்கும். கார் என்ஜினில் அப்படி நடந்தால் வால்வு திறக்கும் நேரமே மாறிவிடும். சில என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் இடித்து இரண்டும் கெடும்.

எண்ணெய் வற்றினால் தேய்மானம் கூடும். எண்ணெயில் மண்ணும் இரும்புத் தூளும் கலந்தால் அது அரம் போல அராவும். ஆனால் இந்தச் செயின் அமைதியாக ஓடுவது. தேய்வது காதுக்குத் தெரிய நாளாகும். அளந்துதான் பார்க்க வேண்டும்.

"உன் சைக்கிளையே அளந்து பார்" என்றார் மேஸ்திரி. "24 கண்ணி, புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். அரை நூல் கூடியிருந்தால் செயினை மாற்று. ஒரு நூல் கூடியிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அது சரியாகப் பொருந்தாது, பல் தாண்டும்."

பையன் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். திரும்பி வந்தவன் முகம் வாடியிருந்தது.

"ஒன்றரை நூல், அண்ணே."