மரத்தில் மரம் பதித்தல்: வெட்டுக் கோட்டின் கணக்கு

நில அளவைப் படத்தில் இரு வயல்களுக்கு இடையேயுள்ள கோட்டிற்கு அகலம் கிடையாது. ஆனால் அவ்விடத்தில் நாம் எழுப்பும் வரப்பிற்கு அகலம் உண்டு. அந்த அகலம் ஒருவருடைய நிலத்திலிருந்தோ, இருவருடைய நிலத்திலிருந்துமோ வந்தாக வேண்டும். பட்டுச் சேலைப் பெட்டிகளின் மூடியில் மாங்காய் உருவம் பதிக்கக் கற்றுவரும் அங்கத்தினர்கள் இதை மனத்தில் கொண்டால், இப்பாடத்தில் பாதி முடிந்ததாகும். கணினியில் வரையும் வெக்டார் கோட்டிற்கு அகலமில்லை. லேசர்க் கதிர் மரத்தை எரித்துச் செல்லும் வழிக்கு அகலம் உண்டு. அவ்வழியை இங்கு வெட்டுத்தடம் என்போம்.

நாம் வேலை தொடங்கியபோது இதை எண்ணிப் பார்க்கவில்லை. தேக்குத் தகட்டில் துளையையும், ஈட்டிமரத் தகட்டில் மாங்காயையும் ஒரே கோட்டைக் கொண்டு வெட்டினோம். மாங்காய் துளைக்குள் கிலுகிலுப்பைபோல் ஆடிற்று. நாற்பது மூடிகள் வீணாயின. ஈட்டிமரத்தின் விலையை அறிந்தவர்களுக்கு அந்த வருத்தம் விளங்கும்.

தடத்தின் அகலம் 0.18 மில்லிமீட்டர் என்று கொள்வோம். கதிரின் நடுப்பகுதி கோட்டின்மீது செல்வதால், துளை ஒவ்வொரு பக்கமும் 0.09 மில்லிமீட்டர் பெரிதாகிறது. மாங்காய் அதே அளவு சிறிதாகிறது. ஆகவே சுற்றிலும் 0.18 மில்லிமீட்டர் இடைவெளி விழுகிறது. பிரான்சு நாட்டில் ஆந்திரே ஷார்ல் பூல் (1642–1732) புகழ்பெறச் செய்த பதிப்பு வேலையில், பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ரம்பத்தால் ஒருசேர அறுப்பர். அங்கும் ரம்பத்தின் அகலம் இடைவெளியாக நின்றுவிடும். நமக்கோ வெட்டுவதற்கு முன்பே கோட்டை நகர்த்தும் வசதி இருக்கிறது. நெசவாளருக்கு இது புதிதன்று. 48 அங்குலச் சேலைக்கு அச்சில் அதனினும் சற்று அகலமாகவே பாவை விடுகிறோம் அல்லவா?

தடத்தை அளப்பது எவ்வாறு? 100 மில்லிமீட்டர் நீளமுள்ள செவ்வகம் வரைந்து, அதைப் பத்துச் சம துண்டுகளாகப் பிரித்து வெட்டுக. துண்டுகளை இடைவெளியின்றிச் சேர்த்து வெர்னியரால் அளந்தால் 98.2 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைவு 1.8. உட்கோடுகள் ஒன்பது, இரு ஓரக் கோடுகளும் பாதிப்பாதியாகச் சேர்ந்து ஒன்று, ஆகப் பத்துத் தடங்கள். ஒரு தடம் 0.18.

இனி, மாங்காயின் கோட்டை மட்டும் 0.18 வெளியே தள்ளலாம். அல்லது மாங்காயை 0.09 வெளியேயும் துளையை 0.09 உள்ளேயும் தள்ளலாம். முன்னதையே நாம் விரும்புகிறோம். திருத்த வேண்டிய எண் ஒன்றுதான் என்பதால் பிழைக்கு இடம் குறைவு. இன்க்ஸ்கேப் நிரலில் இதற்கு ‘அவுட்செட்’ என்னும் கட்டளை உண்டு. அது தானாகத் தள்ளும் தொலைவு 2 பிக்சல், அதாவது ஏறத்தாழ 0.53 மில்லிமீட்டர். நமக்கு வேண்டியதைப்போல் மூன்று மடங்கு! முதலில் அமைப்புகளில் அந்த எண்ணை மாற்றிக்கொள்க.

அடுத்த தவறு இதனினும் நுட்பமானது. மாங்காய் தளர்வாக இருக்கிறதென்று தள்ளிய கோட்டையே மீண்டும் தள்ளினோம். பிறகு இன்னொரு முறையும். வால் சுருளும் இடத்தில் கோடு தன்னையே கடந்து சிறு கண்ணியாக முடிந்தது. கதிர் அதற்குள்ளும் புகுந்து நுனியை உதிர்த்தது. பெசியே வளைகோட்டைத் தள்ளினால் கிடைப்பது பொதுவாக இன்னொரு பெசியே வளைகோடு ஆவதில்லை. நிரல் அதைத் தோராயமாகவே அமைக்கிறது. தள்ளுந்தோறும் அத்தோராயம் கூடுகிறது, கோட்டிலுள்ள கணுக்கள் பெருகுகின்றன. ஆகவே மூலக் கோட்டின் படியொன்றைப் பூட்டி வைத்துவிடுக. அளவை மாற்ற வேண்டுமாயின் ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே தொடங்குக. அதற்கும் முன்னர் மூலத்தைச் சீர்செய்தல் வேண்டும். நிழற்படத்திலிருந்து எடுத்த உருவில் நூற்றுக்கணக்கான கணுக்கள் இருக்கும். அவற்றுள் வேண்டாதவற்றை நீக்காமல் தள்ளினால் ஒவ்வொரு மேடுபள்ளமும் சேர்ந்து நகரும். வால் சுருளின் இடுக்கை ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் வரைக. குறைந்தால் அங்கு நிற்கும் தேக்கின் மெல்லிய நாக்கு கருகிவிடும்.

மூலைகளுக்கு வட்ட இணைப்பையே தேர்க. கதிர் உருண்டையானது, துளையின் மூலையை அது சற்றே உருட்டிவிடுகிறது. மாங்காயின் நுனி 30 பாகைக் கோணமாயிருந்து, கோட்டைக் கூராகவே தள்ளினால், நுனி துளையைவிடக் கால் மில்லிமீட்டர் நீளும். சுத்தியால் தட்டிப் பொருத்த முயன்றால் தேக்கு பிளக்கும்.

லேசர்த் தடம் பெரும்பாலும் மேற்புறம் சற்று அகலமாகவும் கீழ்ப்புறம் குறுகலாகவும் அமையும். ஆதலால் மாங்காயை இடவலம் மாற்றி, முகம் கீழாக வைத்து வெட்டுக. பிறகு திருப்பிப் பதித்தால் அது அடைப்பானைப்போல் இறுகி அமரும்.

தேக்கிற்குக் கண்ட எண் ஈட்டிமரத்திற்குப் பொருந்தாது. வில்லையில் புகை படிந்தாலும் எண் மாறும். புதுத் தகடு வரும்போதெல்லாம் பத்துத் துண்டுகளை வெட்டி அளந்து, அவற்றின்மீது மரத்தின் பெயரையும் எண்ணையும் எழுதி, இயந்திரத்தின் அருகிலேயே கட்டித் தொங்கவிடுக.